முழங்கால் தேய்ந்தவருக்குத் தோட்டம் எதற்கு என்பவர்களுக்கு

சென்னையில் ஒரு வீட்டில் அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னால், அல்லது அப்பா பக்கவாதத்திலிருந்து மீண்டு வாக்கரைப் பிடித்து நடக்கத் தொடங்கினால், அந்த வீட்டுச் செடிகளின் கதை அத்தோடு முடிந்தது. "இனிமே யாரு குனிஞ்சு நிமிர்ந்து பாக்கறது?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வாசல் பக்கத்து மண்ணைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசுகிறார்கள், இல்லையென்றால் பேவர் பிளாக் பதிக்கிறார்கள். மனசு வராதவர்கள் நாலு பூத்தொட்டியை மட்டும் விட்டுவைக்கிறார்கள். வசதி உள்ளவர்கள் பிளாஸ்டிக் புல் விரிக்கிறார்கள். ஆசையை விடமுடியாத பெரியவரிடம், "மாடியில பை வச்சு வளர்த்துக்கலாம், நாங்க தண்ணி ஊத்தறோம்" என்று சமாதானம் சொல்கிறார்கள்.

இவற்றை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. விழுந்துவிடுவார் என்ற பயம் உண்மையான பயம். வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நேரமில்லை என்பதும் உண்மை. சின்ன இடம், முடியாத உடம்பு, வேலை குறைய வேண்டுமென்றால் செடியைக் குறைப்பதுதானே வழி என்று கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அந்த நியாயம் தப்பான கணக்கின் மேல் நிற்கிறது. தோட்டத்தில் ஒருவர் உடம்பை வருத்துவது செடிகளின் எண்ணிக்கை இல்லை. குனிவது, குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுவது, வாளி தூக்குவது, வழுக்குகிற தரையில் திரும்புவது ஆகிய நான்கும்தான். நாற்பது செடியை நாலாகக் குறைத்தாலும், அந்த நாலுக்காக இந்த நான்கையும் தினமும் செய்தே ஆக வேண்டும். இந்த நான்கையும் நீக்கிவிட்டால் நாற்பது செடி இருந்தாலும் பாரமில்லை. இருக்கிற இடத்தைச் சரியாக அமைக்காமல், செடியின் மேல் பழி போட்டு அதைப் பிடுங்கி எறிகிறோம் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

முதலில் சிமெண்டை எடுத்துக்கொள்கிறேன், அதுதான் அதிகம் நடக்கிறது. மண்ணை மூடினால் வேலை மிச்சம் என்பது மேஸ்திரி சொல்லும் வாக்கு. மூடிய பிறகு என்ன ஆகிறது? சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கிடைக்கிறது, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்த மூன்று மாதமும் சிமெண்ட் தரையிலும் பேவர் பிளாக்கின் இடுக்குகளிலும் பாசி பிடிக்கிறது. கைத்தடியின் ரப்பர் முனை பாசியில் நிற்காது. வேலையை மிச்சப்படுத்தப் போட்ட தரையை ப்ளீச்சிங் பவுடர் தூவித் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பேவர் பிளாக் சந்துகளில் முளைக்கும் புல்லைப் பிடுங்க, மண் பாத்தியில் குனிவதைப் போலவே குனிய வேண்டும். கோடையிலோ அதே தரை பகல் முழுக்கச் சூட்டை வாங்கி இரவில் வீட்டுக்குள் அனுப்புகிறது. 2003 மே மாதக் கடைசியில் 45 டிகிரியைத் தொட்ட ஊர் இது. பிளாஸ்டிக் புல்லின் நிலை இன்னும் மோசம்: வெயிலில் அது உண்மையான புல்லைவிட மிக அதிகமாகச் சுடும், வெறுங்காலை வைக்க முடியாது. வெயில் தாங்காத வயதில் இருப்பவருக்கு வாசலில் அடுப்பை விரித்துக் கொடுப்பதற்கு "பராமரிப்பு இல்லாத தோட்டம்" என்று பெயர் வைக்க எப்படி மனம் வருகிறது? மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2003இல் சட்டம் போட்ட மாநிலத்தில், மழைநீர் இறங்கக்கூடிய கடைசி ஐந்தடி மண்ணையும் முதியவர்களின் பெயரைச் சொல்லி மூடிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது அந்த நாலு தொட்டி. தொட்டி எளிது, பாத்தி கடினம் என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் ஊறிப்போயிருக்கிறது. இதை மறுக்கக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு அங்குலத் தொட்டி ஒன்றில் ஏறக்குறைய 15 லிட்டர் மண் பிடிக்கும். ஈரத்தோடு அதன் எடை இருபது கிலோவுக்குக் குறையாது. அதை நகர்த்திப் பெருக்க, கீழே தேங்கும் மண்ணை வழிக்க, வெயிலுக்கேற்ப இடம் மாற்ற, நல்ல முழங்கால் உள்ளவருக்கே இன்னொரு கை வேண்டும். தொட்டியின் பக்கச்சுவர் நான்கு புறமும் வெயிலை வாங்குவதால் உள்ளே இருக்கும் கொஞ்ச மண் சீக்கிரம் காய்ந்துவிடும். அக்கினி நட்சத்திர நாட்களில் காலை, மாலை இருவேளையும் ஊற்றாவிட்டால் செடி தலை தொங்கிவிடும். நாலோடு நிற்காமல் இப்படி முப்பது தொட்டி, வேளைக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு அறுபது லிட்டர் தண்ணீர். பத்து லிட்டர் வாளியில் ஆறு நடை. ஒவ்வொரு வாளியும் பத்து கிலோ, ஒரு கையில் கைத்தடியோடு.

அதே முப்பது தொட்டி மண்ணை ஆறடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரையடி ஆழமுள்ள ஒரே மேட்டுப்பாத்தியில் கொட்டினால் அடங்கிவிடும். பதினெட்டு கன அடி, அதாவது சுமார் 500 லிட்டர். மேலே இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சருகோ தேங்காய் நாரோ மூடாக்காகப் பரப்பிவிட்டால், கோடையிலும் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டரைத் தாண்டாது. ஒரு நாள் உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்டாலும் செடி சாகாது, வேருக்குக் கீழே ஈரம் இருக்கும். மூடாக்கு களையையும் அடக்கிவிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டும் இல்லை. அந்தத் தட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கிய நீரில் முட்டையிட்டு, ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். முப்பது தட்டையும் வாரம் தவறாமல் குனிந்து கவிழ்க்க முடிந்தவருக்குத்தான் தொட்டித் தோட்டம் ஏற்றது. குனிய முடியாதவருக்கு அதைத்தான் பரிந்துரைக்கிறோம்.

தோட்டம் என்றாலே மாடிதான் என்றொரு நம்பிக்கையும் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வேரூன்றிவிட்டது. 2013-14இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டப் பொருட்களைக் கொடுக்கத் தொடங்கியபோது அது நல்ல காரியம்தான். பை, தென்னை நார்க்கழிவு, விதை என்று ஒரே கட்டாகக் கிடைத்ததால் பல்லாயிரம் பேர் முதன்முதலாகக் கீரை வளர்த்தார்கள். அந்தத் திட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. படியேறத் தெம்புள்ளவர்களுக்காக எழுந்த ஒரு வழியைப் படியேற முடியாதவருக்கும் அதே வழியாகச் சொல்வதோடுதான் சண்டை. பெரும்பாலான அடுக்ககங்களில் லிப்ட் கடைசித் தளத்தோடு நின்றுவிடும், மொட்டைமாடிக்குக் கடைசி ஒரு வரிசைப் படி ஏறித்தான் ஆக வேண்டும். மேலே நிழல் இல்லை. தவறி விழுந்தால் குரல் கேட்கும் தூரத்தில் ஆளும் இல்லை. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால் பாரத்தை ஏற்றுவதே ஆபத்து. முழங்கால் தேய்ந்தவரின் தோட்டம் அவர் படுக்கையிலிருந்து எழுந்து காபி குடிக்க வரும் இடத்திலிருந்து பத்தடிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அது வேறொருவருடைய தோட்டம்.

இனி, எல்லா வாதங்களுக்கும் அடியில் இருக்கும் அந்தப் பயம்: "விழுந்துட்டா என்ன பண்றது?" உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கீழே விழுந்து உயிரிழப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். இந்தப் பயத்தை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் அதே நிறுவனம் விழுவதைத் தடுக்கச் சொல்லும் வழிகளில், தசைக்கும் உடல் சமநிலைக்குமான பயிற்சி முக்கியமானது. நாற்காலியிலேயே உட்காரவைத்தால் கால் இன்னும் வலுவிழக்கும், பிறகு குளியலறைக்குப் போகும் வழியில் விழுவார். வெளியே போகாமல் தடுப்பது பாதுகாப்பு ஆகாது. போகிற வழியைச் சரிசெய்வதுதான் பாதுகாப்பு.

மெரினாவை நினைத்துப் பாருங்கள். கடற்கரைக்கு வந்தாலும் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் பல பத்தாண்டுகளாக மணலின் விளிம்போடு நின்றார்கள். மணலில் சக்கரம் ஓடாது, அதனால் கடல் உங்களுக்கில்லை என்பதே எல்லோரும் ஏற்றுக்கொண்ட நியாயமாக இருந்தது. 2022 நவம்பர் கடைசியில் மணலின் மேல் மரப்பலகைப் பாதை ஒன்று திறக்கப்பட்டது. கடல் அதே கடல், உடம்பும் அதே உடம்பு, நடுவில் ஒரு பாதை மட்டும் வந்தது. அலையருகே போய் நின்ற அன்று அழுதவர்கள் உண்டு. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அந்தப் பாதையைச் சிதைத்தபோது, பாதையே வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்கவில்லை, சரிசெய்தார்கள். வீட்டு வாசலில் இருக்கும் ஐந்தடி மண்ணுக்கும் இதே நியாயம் பொருந்த வேண்டாமா?

பாதை என்றவுடன் அளவுக்கு வருவோம், நம் வீடுகளில் தவறுவது இங்கேதான். சக்கர நாற்காலி நேராகப் போக மூன்றடி வேண்டும், முழுவட்டமாகத் திரும்ப ஐந்தடி வேண்டும். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அணுகல் வழிகாட்டுதல்களிலும் திரும்புவதற்கான அளவு 1,500 மில்லிமீட்டர்தான். அரைக் கிரவுண்டு மனையில் வீட்டின் பக்கவாட்டில் விடும் சந்து பெரும்பாலும் மூன்றடி. அந்தச் சந்தில் செடி வைத்து, முன்வாசலைக் காருக்கு விடுவது நம் வழக்கம். வாக்கரோ சக்கர நாற்காலியோ வந்துவிட்ட வீட்டில் இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். மூன்றடிச் சந்தில் ஒரு தொட்டிகூட இருக்கக் கூடாது. அது வழி மட்டுமே. செடி இருக்க வேண்டியது, ஐந்தடி இடம் கிடைக்கிற முன்வாசலிலோ பின்கட்டிலோ. தரை சொரசொரப்பாக, நீர் வடிய லேசான சரிவோடு, நடுவில் பள்ளமோ ஹோஸ் குழாயோ குறுக்கிடாமல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கைப்பிடிக் குழாய், ஒரு விளக்கு, கை வைத்த நாற்காலி ஒன்று. நாற்காலியை ஆடம்பரமாக நினைக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார இடமிருந்தால்தான் ஒரு மணி நேரம் வெளியே இருக்க முடியும்.

சரிவுப்பாதை போட்டால் போதும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளச் சரிவு வேண்டும் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்துகிற ஊரில், வெள்ளத்துக்குப் பயந்து மூன்றடி உயரத்தில் அடித்தளம் எழுப்பிக் கட்டிய வீடுகள் ஏராளம். அவற்றில் முப்பத்தாறடிச் சரிவுக்கு எங்கே போவது? அங்கே இறங்குவதற்கு வழி தேடுவதை விட்டுவிட்டுச் செடியை மேலே வரவழைக்க வேண்டும். தாழ்வாரத்தை ஒட்டிக் கீழே மண்ணில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் நட்டால் அவை ஆறடி, ஏழடி வளரும். மூன்றடி உயரத் தாழ்வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கிளைகள் கையெட்டும் உயரத்தில் பூக்கும். கைப்பிடிச் சுவரில் ஒரு குழாய் வைத்து, அங்கிருந்தே வேருக்கு நீர் போகும்படி ஒரு டியூபை இறக்கிவிட்டால் போதும். இறங்கவே வேண்டாம். குறை என்று நினைத்த உயரமே இங்கே மேட்டுப்பாத்தியின் வேலையைச் செய்துவிடுகிறது.

நம் தோட்ட வேலை முழுவதும் உடம்பின் ஒரே ஒரு நிலையை நம்பி அமைந்தது: குத்துக்காலிட்டு உட்காருவது. களைக்கொத்தின் பிடி ஒரு முழத்துக்கும் குறைவு. பாத்தி தரைமட்டம். குழாய் முழங்காலுக்குக் கீழே. பூத்தொடுக்கும் பெண்ணும், கீரை ஆயும் பாட்டியும் உட்கார்ந்தே வேலை செய்த மண் இது. அந்த உட்காரல் முடியாமல் போன அன்று தோட்டமே முடிந்துவிட்டதாக நாம் எடுத்துக்கொள்வது அதனால்தான். உயரத்தை மாற்றுங்கள், பாதி வேலை அங்கேயே தீர்ந்துவிடும். நின்றுகொண்டோ வாக்கரைப் பிடித்துக்கொண்டோ வேலை செய்பவருக்குப் பாத்தியின் மேல்மட்டம் இரண்டரையடி முதல் மூன்றடி வரை. விளிம்பிலேயே உட்கார்ந்து செய்பவருக்கு ஒன்றரையடி உயரமும், உட்காரத் தோதாக முக்காலடி அகல விளிம்பும். ஒரு பக்கமாக மட்டும் அணுக முடிந்தால் அகலம் இரண்டடியைத் தாண்டக் கூடாது, இரண்டு பக்கமும் போக முடிந்தால் நாலடி வரை. சுவரோடு ஒட்டிக் கட்டாதீர்கள், ஓதம் ஏறும். உயரமான பாத்தியில் அடியில் ஓரடிக்கு உடைகல்லும் தேங்காய் மட்டையும் போட்டால் மண் செலவு குறையும், நீரும் வடியும்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு மேஜை போல, கால் உள்ளே நுழையும்படியான பாத்திதான் எல்லோரும் காட்டும் படம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. முழங்காலுக்கு இடம் விட்டால் மண்ணின் ஆழம் அரையடியோடு நின்றுவிடும், கீரைக்கும் கொத்தமல்லிக்கும் அது போதும், மற்றவை சென்னை வெயிலில் தாங்காது. ஒரு சின்ன மேஜைப்பாத்தி கீரைக்கு, மற்றபடி இரண்டடி உயரக் கட்டுப்பாத்தியும் அதன் மேல் நிற்கும் ஒரு கம்பிப் பந்தலும் என்று பிரித்துக்கொள்வதே நல்லது. பந்தலின் கொடி கண்ணுக்கு நேராக இருக்கும், உடம்பைத் திருப்பிக் குனிய வேண்டியதில்லை. தொங்கும் செடிகள் வேண்டுமென்றால் நம் அடுக்ககப் பால்கனிகளில் துணி காயப்போட மேலே ஏற்றி இறக்கும் கப்பிக் கொடி இருக்கிறதே, அதே அமைப்பில் மாட்டலாம். கயிற்றை இழுத்து இறக்கி, தண்ணீர் விட்டு, மறுபடி ஏற்றிவிடலாம்.

தண்ணீரைப் பற்றி இன்னொரு தவறான உறுதிமொழி சந்தையில் விற்கிறது. சொட்டுநீர்க் குழாயும் டைமரும் மாட்டிவிட்டால் கையை வீசிக்கொண்டு இருக்கலாம் என்கிறார்கள். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் கடினமும் கொண்டது. சொட்டுவானின் நுண்துளையில் சில மாதங்களிலேயே வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். அதைப் பிடுங்கிக் கழுவ, மறுபடியும் கீழே குனியத்தான் வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து வரும் நீருக்கு அழுத்தமும் குறைவு, எல்லா டைமரும் அதற்கு வேலை செய்யாது, குறைந்த அழுத்தத்துக்கென்றே வருவதைக் கேட்டு வாங்க வேண்டும். சொட்டுநீர் வேண்டாம் என்று சொல்லவில்லை. மேட்டுப்பாத்தியில் கையெட்டும் உயரத்தில், கொஞ்சம் பெரிய துளையோடு அமைத்தால் அது அருமையான துணை. ஆனால் அதைவிட முக்கியமானது குழாய் இருக்கும் இடம். பாத்திக்குப் பக்கத்திலேயே, இடுப்பு உயரத்தில், விரல் மடங்காத கையாலும் தட்டித் திறக்கக்கூடிய நெம்பு கைப்பிடியோடு ஒரு குழாய் இருந்தால் வாளி என்ற பொருளே தோட்டத்திலிருந்து போய்விடும். மெருகிடாத மண்பானையை மண்ணில் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பிவைக்கும் பழைய முறையும் இருக்கிறது. பானை மெல்லக் கசிந்து வேருக்குக் கொடுக்கும், சில நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். மூடி போட மறக்கக் கூடாது, கொசு வந்துவிடும்.

இப்போது செடிக்கு வருவோம். "பராமரிப்பே வேண்டாத செடிகள்" என்று ஒரு பட்டியல் எங்கும் சுற்றுகிறது: கள்ளி, கற்றாழை, பாம்புக் கற்றாழை, மணி பிளாண்ட். இந்தப் பட்டியலைத்தான் நான் அதிகம் வெறுக்கிறேன். கள்ளி வகை வறண்ட ஊருக்குச் சரி, வடகிழக்குப் பருவமழையில் தொட்டியோடு அழுகும், முள் வாக்கர் பிடித்த கையைக் கிழிக்கும். அது போகட்டும். இந்தச் செடிகள் மனிதரிடம் எதையும் கேட்பதில்லை, எதையும் கொடுப்பதும் இல்லை. பறிக்கப் பூ இல்லை, கிள்ள இலை இல்லை, முகர மணம் இல்லை. எழுபது ஆண்டு தினமும் சாமிக்குப் பூப்பறித்த கைக்கு மணி பிளாண்டைக் கொடுத்து உட்காரச் சொல்வது தண்டனை.

செடியைத் தேர்ந்தெடுக்க என்னிடம் ஒரே கேள்விதான்: இது கொடுப்பதை எந்த உயரத்தில் கொடுக்கிறது? பவழமல்லி மிக அழகான மரம், ஆனால் விடியற்காலையில் பூவையெல்லாம் தரையில் கொட்டும். குனிந்து பொறுக்க முடியாதவருக்கு அது ஏக்கத்தையே தரும், டைல்ஸ் தரையில் விழுந்தால் வழுக்கவும் செய்யும். மரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல்மேடை இருந்தால் கதையே வேறு, பூ மேடையில் விழும். முருங்கை வேண்டாம்: காற்றுக்குக் கிளை ஒடியும், கம்பளிப்பூச்சி வரும், காய் பறிக்கத் தொரட்டி வேண்டும். தக்காளியும் கத்தரியும் நாலு மாதத்துக்கு ஒருமுறை பிடுங்கி நடச் சொல்லும். அரளி அடர்ந்து பூக்கும், ஆனால் முழுச் செடியும் நஞ்சு, பேரக்குழந்தைகள் வரும் வீட்டில் வேண்டாம். இட்லிப்பூ நல்ல செடி, உப்புநீரில் மட்டும் இலை மஞ்சளிக்கும். நந்தியாவட்டைக்கு இணை இல்லை: ஒருமுறை வேர் பிடித்தால் வெயில், மழை, மறதி எல்லாவற்றையும் தாங்கி நெஞ்சு உயரத்தில் தினமும் வெள்ளையாகப் பூக்கும். கறிவேப்பிலையை மண்ணில் நட்டு, நுனியை நெஞ்சு உயரத்தில் வெட்டிக்கொண்டே வந்தால் பக்கக்கிளை வெடித்துப் புதராக நிற்கும், நின்றபடி ஒடிக்கலாம். தவசிக்கீரை குச்சி நட்டால் வரும், ஆண்டுக்கணக்கில் நிற்கும், இலையை உருவி எடுக்கலாம், சமைத்து அளவோடு சாப்பிட வேண்டும், பச்சையாகச் சாறெடுத்துக் குடிக்கக் கூடாது. கொடிப்பசலையைப் பந்தலில் விட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பறிக்கலாம். குண்டுமல்லியை மேட்டுப்பாத்தியில் வைத்தால் மொட்டு கைக்கு நேராக வரும். துளசியும் கற்பூரவல்லியும் பாத்தி விளிம்பில், கை படும்போதே மணக்கும்படி.

அவருக்கு ரோஜாதான் உயிர் என்றால் ஒரு ரோஜா வையுங்கள். அதற்குக் கவாத்து வேண்டும், மருந்து வேண்டும், எரு வேண்டும், எனக்குத் தெரியும். மற்ற வேலைகளைக் குறைப்பதே, பிரியமான ஒன்றுக்கு உழைக்கத் தெம்பு மிச்சமிருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

"நாங்க பாத்துக்கறோம், நீங்க சும்மா உக்காந்து பாருங்க" என்பது அன்பான சொல். இதற்கு 1976இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் இரண்டு தளங்களில் இருந்தவர்களை ஒப்பிட்டார்கள். இரு தளத்தாருக்கும் செடி கொடுக்கப்பட்டது. ஒரு தளத்தில், விருப்பமான செடியைத் தாங்களே தேர்ந்தெடுத்துத் தாங்களே பார்த்துக்கொள்ளும்படியும், அன்றாட வாழ்க்கையில் வேறு சில முடிவுகளையும் தாங்களே எடுக்கும்படியும் சொல்லப்பட்டது. இன்னொரு தளத்தில் செடிக்குச் செவிலியர் தண்ணீர் ஊற்றினார்கள். மூன்று வாரத்தில், பொறுப்பு கொடுக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட உற்சாகமாகவும் விழிப்பாகவும் இருந்தார்கள். செடி மட்டுமே அந்த மாற்றத்தைச் செய்ததென்று நான் சொல்லமாட்டேன், மற்ற முடிவுகளும் சேர்ந்தவை. ஆனால் செடி பக்கத்தில் இருப்பதும் செடி தன்னை நம்பி இருப்பதும் வேறு வேறு என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. உதவி வேண்டாம் என்பதில்லை. மண் நிரப்ப, பெரிய கிளை வெட்ட, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை எரு போட ஆள் வரட்டும். அன்றாடம் அவருடையதாக இருக்கட்டும்.

செடி வைத்தால் பாம்பு வரும் என்பவர்களுக்கு: பாம்பு எலிக்கும் தவளைக்கும் வருகிறது. மூலையில் குவித்த செங்கலும் பழைய பலகையும் தேங்காய் மட்டைக் குவியலும்தான் அவற்றுக்கு வீடு. சுற்றிலும் சுத்தமான பாதையோடு நிற்கும் கட்டுப்பாத்தியில் ஒளிய இடமில்லை. செலவு அதிகம் என்பவர்களுக்கு: முன்வாசல் முழுக்க பேவர் பிளாக் பதிக்க ஆகும் செலவில் ஹாலோ பிளாக்கில் ஆறடிப் பாத்தி ஒன்று எழுப்பி, வழிக்கு மட்டும் தளம் போட்டுவிடலாம். வாடகை வீட்டிலும் பால்கனியிலும் இருப்பவர்களுக்கு உறுதியான இரும்பு மேஜையும், அதன் மேல் ஒன்றிரண்டு பெரிய தொட்டியும், பக்கத்தில் ஒரு குழாயும் போதும். பத்துச் சின்னதைவிட இரண்டு பெரியது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அடுக்ககச் சங்கங்களில் இருப்பவர்கள், பொதுத் தோட்டத்தில் அலங்காரப் புல்லுக்குச் செலவிடும் தண்ணீரையும் ஆள்கூலியையும் கொஞ்சம் திருப்பி, படியில்லாத ஒரு வழியும் இடுப்பு உயரத்தில் இரண்டு பாத்தியும் கேளுங்கள். அந்தக் கட்டடத்தில் முடியாதவர்கள் ஒருவர் இருவர் இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியிருந்தார்கள்.

ஆகவே, மேஸ்திரிக்குப் போன் செய்வதற்கு முன் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போங்கள். உட்கார்ந்தபடி கை எவ்வளவு தூரம் எட்டுகிறது, நின்றால் எந்த உயரம் இடுப்புக்கு வலிக்காமல் இருக்கிறது, எந்தக் கை வலுவான கை, எந்த நேரத்தில் வெளியே வரத் தோன்றுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் செடி வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். அந்த அளவில் பாத்தியைக் கட்டச் சொல்லுங்கள். புரட்டாசிக்குள் கட்டி முடித்துவிட்டால், ஐப்பசி மழையில் நட்ட செடிகள் தானே வேர் பிடித்துக்கொள்ளும்.